மீதி இல்லை

ஜெலுத்தோங்கில் ஒரு பள்ளி மண்டபம்.
கண்காணிப்பாளர் என் பெயரை நான்காக உடைத்துப் படித்தார்.
செம். பா. கா. வாலி.
கை தூக்கினேன்.
ஐசி படத்தையும் என்னையும் இரண்டு முறை பார்த்தார்.
படத்திலிருப்பவளுக்கு முப்பது வயது.
அந்தப் படம் எடுத்த அன்று
என் முன் மேசைப் பையன்
மூன்றாம் வகுப்பில் மூக்கு சிந்திக்கொண்டிருந்திருப்பான்.

‘முலா’ என்றார்கள்.
எல்லாத் தாள்களும் ஒரே நேரத்தில் புரண்டன.
என் தாள் மேசையோடு ஒட்டிக்கொண்டது.
தாள் இல்லை,
வேர்த்த என் உள்ளங்கை.

நாற்பது கேள்வி. தொண்ணூறு நிமிடம்.
முதல் கேள்வி இரண்டே வரி.
படித்தேன், எழுத்து தெரிந்தது, அர்த்தம் வரவில்லை.
மறுபடி படித்தேன், எழுத்தும் போய்விட்டது.
காலையில் பாதி தின்ற ரொட்டி சானாய்
வயிற்றில் எழுந்து உட்கார்ந்தது.

பதினேழு வயதில்
இதே கணக்கில் தோற்று
முகம் கழுவிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாளே ஒருத்தி,
அவள் எனக்கு முன்னமே வந்து
இந்த நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தாள்.
எழுந்திரு என்றேன்.
எழவில்லை.

பென்சிலைப் பார்த்தேன்.
மகளுடையது.
முனை வரைக்கும் பல் தடம்.
இதே மணியில் இதே தாளோடு
பாயான் பாருவில் வேறொரு மண்டபத்தில் அவள்.
‘தெரியாததை விட்டுட்டுப் போம்மா’ என்றிருந்தாள்,
சாலை கடக்கச் சொல்லித்தருவது போல.
விட்டுவிட்டு எங்கே போவது?
எல்லாமே தெரியாததாக இருந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் அன்பளித்த கடிகாரம்
சுவரில்.
சிவப்பு முள் தடுமாறித் தடுமாறி ஏறியது.
ஆறு நிமிடம் போயிருந்தது.

போனது ஆறு.
இருப்பது எண்பத்து நான்கு.
நொடியாக்கினால் ஐயாயிரத்து நாற்பது.
நாற்பது கேள்விக்குப் பங்கு போட்டால்
தலைக்கு நூற்று இருபத்தாறு.

பாயான் லெப்பாஸில், மூன்றாவது லைனில்,
ஒரு பலகைக்கு எனக்குக் கொடுப்பது பதினெட்டு நொடி.
பூதக்கண்ணாடியின் கீழ்
ஊசி முனை ஈயப் பொட்டுகள்.
ஒட்டாதது எது, வழிந்தது எது, இல்லாததே எது?
சிவப்பு அம்பு ஒட்டி அனுப்பிவிடுவேன்.
பதினோரு வருஷம்.
இரவு சிஃப்டில் பாதித் தூக்கத்தில்கூட
கை ஒரு நாளும் நடுங்கியதில்லை.

நூற்று இருபத்தாறில் பதினெட்டு
ஏழு தடவை.
மீதி இல்லை.

ஒரு கேள்விக்கு ஏழு பலகை!
இத்தனை நேரம் லைன் லீடர் கொடுத்தால்
உட்கார்ந்து தேநீரே குடிப்பேனே.

பிறகுதான் உறைத்தது.
இப்போது வகுத்தது யார்?
பேனா இல்லை, கால்குலேட்டர் தொடவில்லை,
பயந்தபடியே வகுத்திருக்கிறேன்.
நாற்காலியில் இருந்தவள்
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.
பாதி இடம்தான்.
போதும் என்று உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியைத் தொடவில்லை.
ஒன்பதாவதில் ஒரு முக்கோணம் தெரிந்த முகமாக நின்றது,
அங்கே தொடங்கினேன்.
பிறகு பதினான்கு. பிறகு மூன்று.
சிவப்பு அம்பு ஒட்டுவதுபோல்
சந்தேகமானதற்கெல்லாம் ஓரத்தில் சின்னக் கோடு.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
லாரிகளின் சத்தம் அதில் கரைந்தது.
முன் மேசைப் பையன் தலையைச் சொறிந்து
மேலே மின்விசிறியை வெகுநேரம் பார்த்தான்.
பாவம், அவன் ஆறு நிமிடம்
இப்போதுதான் ஆரம்பிக்கிறது போலும்.

இருபத்திரண்டாவதில்
கை மறுபடியும் நடுங்கியது.
நடுங்கட்டும் என்று விட்டேன்.
அந்த நடுக்கத்தில்
வட்டம் சீக்கிரமாகவே கறுத்தது.